நோயாளியின் பெயர் வேண்டாம்; ஊரும் நாளும் வேண்டும்

எங்கள் மாவட்டப் பொது சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

டெங்கு விவரம் கேட்டு நான் அனுப்பிய மூன்றாவது மனுவுக்கும் பதில் கிடைத்தது. ஒரே ஒரு தாள். வட்டத்துக்கு ஓர் எண் வீதம், ஆண்டு மொத்தம். முதல் இரண்டு மனுக்களுக்கும் இதே தாளைத்தான் அனுப்பினீர்கள். நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருப்பதால் மேற்கொண்டு விவரம் தர இயலாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, நான் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. நோயாளி குடியிருக்கும் ஊர் எது, காய்ச்சல் தொடங்கிய நாள் எது, இந்த இரண்டை மட்டுமே கேட்டேன்.

ஏன் கேட்கிறேன் என்பதை நடந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன என்று நகரத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீட்டுப் போடும் இடத்தில் முகவரி கேட்டார்கள். ஏதாவது என்றால் உடனே ஆள் வர வேண்டுமே என்று, நகரத்தில் இருக்கும் தம் அண்ணன் வீட்டு முகவரியைச் சொன்னார் அந்தத் தாய். டெங்கு என்று உறுதியானதும் புகை மருந்து அடிக்கும் வண்டி அந்த அண்ணன் வீட்டுத் தெருவுக்குப் போனது. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அங்கே வீடுவீடாகத் தொட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளை அந்த வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

எங்கள் தெருவுக்குப் பணியாளர்கள் வந்தது 19 நாள் கழித்து. டெங்குக் கிருமி கொசுவின் உடலில் பெருக 8 முதல் 12 நாள் ஆகும்; அது கடித்த மனிதருக்குக் காய்ச்சலாக வெளிப்பட இன்னும் 4 முதல் 10 நாள். ஆக, அந்த 19 நாளுக்குள் நோய் ஒரு சுற்று வந்துவிட்டது. மேலும் நான்கு வீடுகளில் படுக்கை விரித்தாயிற்று. அதில் ஒன்று என் வீடு. என் மகன் பிழைத்துக்கொண்டான், அந்தப் பிள்ளையும் பிழைத்துக்கொண்டாள். ஆனால் உங்கள் கணக்கில் அவள் இன்றுவரை நகரத்து நோயாளிதான்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தன் ஆயுளில் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அரிது. ஊர்விட்டு ஊர் இந்த நோயைச் சுமந்து போகிறவர்கள் பஸ் ஏறும் மனிதர்கள். இதைத்தான் நாங்கள் கணித மாதிரியாக எழுதப் பார்க்கிறோம். ஒவ்வொரு ஊரிலும் நோய் தொற்றக்கூடியவர்கள், தொற்றியவர்கள், தேறியவர்கள் என்று மக்களைப் பிரித்துக்கொண்டு, ஊருக்கும் ஊருக்கும் இடையே எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்ற அளவால் அந்த ஊர்களைப் பிணைப்பது. இதற்காக என் மாணவர்கள் மூன்று நாள் பேருந்து நிலையத்தில் அதிகாலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை முறைவைத்து உட்கார்ந்தார்கள். எந்த ஊருக்கு எத்தனை பஸ், ஒவ்வொன்றிலும் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எழுதினார்கள். சந்தை நாளுக்குத் தனிக் கணக்கு. மூன்று நோட்டுகள் நிரம்பின. ஆட்கள் போகும் வழி எங்கள் நோட்டில் இருக்கிறது. காய்ச்சல் போன வழி உங்கள் கணினியில் இருக்கிறது. இரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

ஆண்டு மொத்தத்தை வைத்து இதைச் செய்ய முடியாது. காய்ச்சல் ஆடியில் மேற்கே தொடங்கி ஐப்பசியில் கிழக்கே வந்து சேர்ந்திருந்தாலும், எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் வெடித்திருந்தாலும், கூட்டினால் வரும் தொகை ஒன்றுதான்.

இது புதிய கோரிக்கையும் அல்ல. தொற்றுநோய்க் கணிதத்தின் அடிப்படையாக இன்றும் நாங்கள் வகுப்பில் நடத்தும் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்களின் கட்டுரை 1927இல் வந்தது. அதில் அவர்கள் சமன்பாட்டைப் பொருத்திப் பார்த்தது பம்பாய் பிளேக் கணக்கோடு. அந்த நகரில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாரவாரம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணி வைத்திருந்தார்கள். தாய்லாந்தில் 72 மாகாணங்களின் 1983 முதல் 1997 வரையிலான கணக்கை ஆராய்ந்து, டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் பாங்காக்கிலிருந்து மாதம் சுமார் 148 கிலோமீட்டர் வேகத்தில் அலையாகப் பரவுவதை 2004இல் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் 150 மீட்டருக்குள், 14 நாளுக்குள் இரண்டு பேருக்கு டெங்கு வந்தால் அந்த இடத்தைப் பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்திலேயே குறித்துவிடுகிறார்கள். பெயரை யாரும் வெளியிடவில்லை. ஊரையும் நாளையும்தான் வெளியிட்டார்கள்.

இங்கே ஒவ்வொரு மழைக்கும் என்ன நடக்கிறது? காய்ச்சல் கண்டு, ஆள் சேர்ந்து, செய்தி வந்த பிறகு புகை மருந்து வண்டி வருகிறது. தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் நின்றது என்று வீட்டுக்காரருக்கு அபராதம். கொளுத்தும் வெயிலில் தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்தது என்று எழுதுகிற தற்காலிகப் பணியாளர்களின் எண்கள் மேலே போகின்றன. கீழே திரும்பி வருவதில்லை. 2017இல் தமிழ்நாட்டில் டெங்கு கண்டவர்கள் 23,294 பேர், இறந்தவர்கள் 65 பேர் என்பது அரசுக் கணக்கு. அந்த 65 பேரின் ஊருக்கு நோய் எந்த வழியாக, எந்த வாரம் வந்தது என்று எந்தப் பள்ளி ஆசிரியரோ ஊராட்சித் தலைவரோ தெரிந்துகொள்ள வழி இருந்ததா? எங்கள் பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிய கணக்கை எங்களுக்கே காட்ட மறுப்பது எந்த அந்தரங்கத்தைக் காப்பதற்கு?

மனம் பொறுக்காமல் கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் ஊழியர்கள் மழைக்காலத்தில் தூங்குவதில்லை என்பதை நான் அறிவேன். எங்கள் கணித மாதிரி, யாருக்கு நோய் வரும் என்று சொல்லாது. அடுத்த இரண்டு வாரத்தில் எந்த ஊராட்சிகளை முதலில் பார்க்கலாம் என்று வரிசைப்படுத்தித் தரும். அதுவும் சில இடங்களில் தவறும். இருக்கிற பத்துப் பணியாளர்களை எங்கே முதலில் அனுப்புவது என்று முடிவெடுக்க அது போதும்.

எனவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். வாரவாரம், ஊராட்சிவாரியாக, நோயாளி குடியிருக்கும் ஊரையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் கொண்டு எண்ணிக்கையை வெளியிடுங்கள். ஒருவர் இருவர் மட்டுமே உள்ள சிற்றூர் என்றால் பக்கத்து ஊரோடு சேர்த்துக் கொடுங்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. மருத்துவமனைச் சீட்டில் முகவரிக்குக் கீழே, ‘காய்ச்சலுக்கு முந்தைய இரண்டு வாரம் எங்கே இருந்தீர்கள்?’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் செய்தால் இந்த ஆண்டே பயன்படும்.

மாணவர்களின் மூன்று நோட்டுகளையும் நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சந்தை நாள் கணக்கு மூன்றாவது நோட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்