பஞ்சர் கடைக்காரன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வளரிளம் பிள்ளைகளின் மூளையைப் போதை என்ன செய்கிறது என்று வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பயன் கருதிப் படித்தேன். இரண்டாம் முறை, அந்த வரி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் படித்தேன். இருக்கிறது. "சில்லறை லாபத்துக்கு ஆசைப்பட்டுப் பஞ்சர் கடைக்காரர்கள் சிறுவர்களுக்கு சொல்யூஷன் விற்கிறார்கள்." சக்கர டியூபில் பேட்ச் ஒட்டுகிற பசைதான் சொல்யூஷன். அதை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சேலம் கோரிமேட்டில் 38 ஆண்டுகளாகப் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். அதில் 30 ஆண்டாவது உங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். எங்களில் ஒருவரையாவது கேட்டிருந்தால் அந்தச் சில்லறை லாபம் எவ்வளவு என்று சொல்லியிருப்போம். ஒரு சொல்யூஷன் டியூபுக்கு இரண்டு ரூபாய், மிஞ்சினால் மூன்று.

சைக்கிள் இல்லாமல் சொல்யூஷன் மட்டும் கேட்டு வருகிற பையனைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முன் சக்கரமா, பின் சக்கரமா என்று கேட்பேன். விழிப்பான். "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்பான். அப்பாவை வரச்சொல் என்பேன். 2016-க்குப் பிறகு யாருக்கும் டியூபாகக் கொடுப்பதே இல்லை. வண்டியைக் கொண்டுவந்தால் நானே பூசி ஒட்டித் தருகிறேன். அதே சொல்யூஷன் ஹார்டுவேர் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் சொன்னால் வீட்டு வாசலுக்கே வருகிறது. இவை ஏன் கட்டுரையாளர் கண்ணில் படவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. பஞ்சர் கடை உங்களுக்கு விளம்பரம் தருவதில்லை.

கட்டுரையில் மூளையைப் பிரேக் பிடிக்காத வண்டிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். முடிவெடுக்கிற முன்பகுதி முதிர ஏறக்குறைய 25 வயதாகிறதாம். ஆசையைக் கிளப்புகிற பகுதி அதற்கு வெகுமுன்பே வேகமெடுத்துவிடுகிறதாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரேக் பிடிக்காத வண்டியை ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நாங்கள் ஏற்றவே மாட்டோம். அடிவாரத்திலேயே நிறுத்திவிடுவோம். பிள்ளையை எங்கே நிறுத்துவது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை.

சொல்யூஷனைப் பற்றியும் அரைகுறையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தொழில் தெரிந்தவன் சொல்கிறேன். சக்கர டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் பூசியதும் பேட்சை ஒட்டிவிடக் கூடாது. ஈரப் பளபளப்பு அடங்கி மங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் பறந்து போவது டொலுயீன் போன்ற கரைப்பான். பையன்கள் தேடுவது அதைத்தான். அது கொழுப்போடு எளிதில் கலக்கும். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை பெரும்பகுதி கொழுப்பு. இளம்பருவத்தில்தான் மூளைக்குள் அந்த உறை மும்முரமாகப் போர்த்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. இதை எனக்கு ஒரு மனநல மருத்துவர் சொன்னார். ஏன் சொல்ல நேர்ந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் அக்காள் பேரன் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து உட்காருவான். பத்து வயதிலேயே டியூபைக் காதோரம் வைத்துக் காற்று கசிகிற இடத்தைச் சொல்லிவிடுவான். தண்ணீர்த் தொட்டியில் அமுக்க வேண்டிய அவசியமே இருக்காது. 14 வயதில், கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குக் கடை அடைத்திருந்த நாட்களில், எங்கோ பழகியிருக்கிறான். எனக்குத் தெரியாது. ஒருநாள் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே குமிழி வரிசையாக வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "பஞ்சர் இல்லை தாத்தா" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அன்று மாலை அவன் கைக்குட்டையில் என் கடை வாசம் அடித்தது. விற்க மாட்டேன் என்று ஊருக்கே சொன்னவனின் அலமாரியில் மூன்று சொல்யூஷன் டியூப் குறைந்திருந்தது.

ஆகவே ஐயா, எனக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

அவன் நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. குமிழி தெரிகிறது. வாய்ப்பாடு பாதி வருகிறது. ஓரளவு மீண்டுவிடும், எந்த அளவுக்கு என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மதுவைப் பற்றியும் ஒன்று சொன்னார், உங்கள் கட்டுரையில் அது இல்லை. பெரியவர்களுக்கு வருவதுபோல் தூக்கமும் தள்ளாட்டமும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வருவதில்லையாம். ஆகவே இன்னும் குடிப்பார்கள். வீட்டிலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நினைவைப் பதிக்கிற பகுதிக்கு விழுகிற அடி மட்டும் குறைவதில்லையாம். "என் பையன் நேராகத்தான் நடக்கிறான்" என்று நிம்மதியாக இருக்கிற பெற்றோருக்கு இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது. சிறுவர்களுக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. மதுக்கடை வாசலில் நிற்கிற யாரோ ஓர் அண்ணனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு மீசை முளைக்காத பையன்கள் மரத்தடியில் காத்திருப்பதும் தெரியாததல்ல. அந்த அண்ணனைப் பற்றி ஒரு வரி? பஞ்சர் கடைக்காரன்தான் கைக்கு எட்டினான்.

பேச்சு வந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் மதுக்கடை வசூலை மண்டலம் மண்டலமாகப் பிரித்துக் கிரிக்கெட் ஸ்கோர்போல் போடுகிறீர்கள். சேலம் எத்தனையாவது இடம் என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பள்ளிப் பையன்கள் வாய்விட்டுப் படிக்கிறார்கள். நாட்டிலேயே முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் என்று பெருமையாக ஒரு கட்டுரை போட்டீர்கள். அதன் கீழேயே மது நிறுவனத்தின் பெயரில் சோடா விளம்பரம். சோடாவுக்கு ஏன் அத்தனை மிடுக்கு என்று என் பேரன் கேட்டான். அதைப் பற்றி அப்போது ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. மலைப்பாதையில் உடைந்த பாட்டில் கண்ணாடி குத்தி வாரத்துக்கு ஆறேழு டயர் என்னிடம் வருகிறது, அதனால் எனக்கு லாபம்தான், இருந்தாலும் கேவலமாக இருக்கிறது என்று இன்னொரு கடிதம். அதை வெட்டி நான்கு வரியாகப் போட்டீர்கள். கேவலம் என்ற சொல் போய்விட்டது, லாபம் மட்டும் இருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போதைப்பழக்கத்திலிருந்து மீள ஆலோசனை தரும் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். அந்த வரிக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். "பஞ்சர் கடைக்காரர்கள்" என்பதற்கு முன்னால் "சில" என்று சேர்த்தால் போதும், இரண்டே எழுத்து. இடம் இல்லையென்றால் அந்தச் சோடா விளம்பரத்தில் அரை அங்குலம் குறைத்துக்கொள்ளலாம்.

பையன் அதே தெருவில்தான் பள்ளிக்குப் போகிறான். ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரன்,
கோரிமேடு, சேலம்.