பேடியுண்டோ என்று கேட்டார்கள்

கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளா),
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. தோட்டத்து மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டக் கொடுத்து, மறுபடி இறக்குவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. அப்புறம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பொள்ளாச்சியில். இப்போது கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து எல்லோரையும் அதிகாரம் செய்கிறாள். கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. ராத்திரியெல்லாம் தென்னை மட்டை விழுகிற சத்தம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அங்கே உன் பள்ளியில் பி.எஸ்.எச்.இ. (தனிமனித, சமூக, உடல்நல, பொருளாதாரக் கல்வி) என்று வாரம் ஒரு வகுப்பு, அதில் வருகிற உறவு, பாலியல், உடல்நலப் பாடங்கள் இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் கட்டாயம் என்று எழுதியிருந்தாய். உங்கள் ஊரில் இதையெல்லாம் யார் எடுக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். நான்தான் எடுக்கிறேன். சிரிக்காதே. ஹாஸ்டலில் சட்டை மாற்றக்கூடக் கதவைச் சாத்திக்கொள்கிற அதே ஆள்தான்.

2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் வந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண் என்று ஏற்பாடு. மனநலம், சத்துணவு, போதை, இணையப் பாதுகாப்பு, எச்.ஐ.வி. என்று 11 தலைப்பு. யாருக்குப் பீரியட் குறைவு என்று பார்த்தார்கள், சோசியல் வாத்தியார் அகப்பட்டேன். கூட பயாலஜி டீச்சர். தனியாக நேரம் கிடையாது. பி.டி. பீரியடைக் கடன் கேட்க வேண்டும், அல்லது யாராவது லீவு போட வேண்டும். ஜனவரி பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, எஸ்.எஸ்.எல்.சி.

முதலில் நான் நோட்டில் இருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் மேசையைப் பார்ப்பார்கள், நான் ஜன்னலைப் பார்ப்பேன். அது மாறியது ஒரு பையனால்.

உடுமலைப் பக்கமிருந்து வந்து எட்டாம் வகுப்பில் சேர்ந்தவன். அப்பா தோப்பு வேலை. ஒரு மாதமாக யாரோடும் பேசவில்லை, சோறும் சரியாகத் தின்னவில்லை. பள்ளி மனநல ஆலோசகரிடம் அனுப்பினேன். நல்ல பெண், பொறுமைசாலி, ஆனால் தெற்கே இருந்து வந்தவர், தமிழ் அவ்வளவாகத் தெரியாது. பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாக, “விஷமம் உண்டோ?” என்று கேட்டிருக்கிறார். இவன், “நான் ஒண்ணும் பண்லீங்க மிஸ்” என்றிருக்கிறான். சரி, பயந்திருக்கிறான் என்று நினைத்து இன்னும் அன்பாக, “பேடியுண்டோ?” என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், எழுந்து வந்துவிட்டான். மலையாளத்தில் விஷமம் என்றால் வருத்தம், பேடி என்றால் பயம். நம் பையன் காதில் அது என்னவாக விழுந்திருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? “என்னையப் பேடியான்னு கேக்கறாங்க சார்” என்று சொல்லும்போது உதடு துடித்தது. அந்த வயதில், குரல் உடைகிற நேரத்தில், அந்த ஒரு சொல்!

விஷயம் தெரிந்ததும் அந்த ஆலோசகர் அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். புத்தகச் சொல், வீட்டுச் சொல், மலையாளச் சொல், பிள்ளைகள் தங்களுக்குள் சொல்கிற சொல் என்று பக்கத்துக்கு நாலு பத்தி. பையனுக்கு என்ன பிரச்சினை என்று கேட்பாய். ஒன்றுமில்லை, பழைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களை விட்டுவந்த ஏக்கம். சொல்ல ஒரு வாரம் ஆனது.

இப்போதெல்லாம் என் முதல் வகுப்பு சொற்களிலிருந்துதான் தொடங்கும். போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் பயாலஜி டீச்சர் கரும்பலகையில் ‘மாதவிடாய்’ என்று எழுதி, வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு பின் பெஞ்சிலிருந்து ‘தூரம்’. இன்னொருத்தி ‘ஒதுங்கியிருக்கா’. ‘தீட்டு’, ‘பீரியட்ஸ்’, ‘டேட்’. மலையாளம் மீடியத்திலிருந்து மாறிவந்தவள் ‘ஆர்த்தவம்’. பலகை நிரம்பிவிட்டது. “இதில் எந்தச் சொல்லைக் கேட்டால் நாம் ஏதோ தப்புச் செய்த மாதிரி இருக்கிறது?” என்று கேட்டார். தீட்டைக் காட்டினார்கள். அழிக்கச் சொன்னார், ஒருத்தி ஓடிவந்து அழித்தாள். பையன்களும் இருந்தார்கள், ஒருவனும் சிரிக்கவில்லை. கடையில் நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள். அதே ஊரில் பஸ் ஸ்டாண்டு எதிரே பத்தடி ஃப்ளெக்ஸில் பூப்புனித நன்னீராட்டு விழா என்று பெண்ணின் போட்டோவோடு தாய்மாமன் வகையறாவும் நிற்கிறார்கள். எது ரகசியம், எது ஊருக்குச் சொல்வது என்று எனக்கே சில நேரம் குழம்புகிறது.

நீல மாத்திரை கதையையும் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். எங்களுக்குத் திங்கட்கிழமை. ஒரு நாள் வகுப்புக்குப் பின்னால் சாக்கடையோரம் போனால் நீலம் நீலமாகக் கிடக்கிறது. பொறுக்கி எண்ணினேன், பதினேழு. திட்டவில்லை. வராந்தாவில் வைத்திருக்கிற பழைய பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போடச் சொன்னேன். மூன்று சீட்டில் ஒரே விஷயம்: ‘வெளிக்கி கருப்பாப் போகுது, பயமா இருக்கு.’ இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும், அது நோயில்லை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுக் குமட்டலோடு இருந்தவர்களும் உண்டு. சாப்பிட்ட பிறகு போடு, உடனே டீ குடிக்காதே என்று சொன்னோம். இப்போது சாக்கடையில் இரண்டு மூன்றுதான் கிடக்கும்.

அந்த டப்பாவில் பையன்கள் போடுகிற சீட்டு வேறு ரகம். பாதி, நடுராத்திரி டிவியில் வருகிற லேகிய வைத்தியர்கள் கிளப்பிவிட்ட பயம். நாம் படிக்கும்போது லாட்ஜ் வாசலில் ஒட்டியிருந்த அதே நோட்டீஸ், இப்போது போனிலேயே வருகிறது.

என்னை மடக்கிய கேள்வி டப்பாவில் வரவில்லை, வகுப்பில் நேரே வந்தது. போதை ஒழிப்புப் பாடம். போஸ்டரெல்லாம் ஒட்டி முடித்து உட்கார்ந்தேன். ஒருவன் எழுந்து, “சார், எங்கப்பா கள்ளு எறக்கறவரு. அவரு தப்புப் பண்றாருங்களா?” என்றான். உனக்குத் தெரியுமே, சித்தூர்த் தாலுகாவில் தென்னைமரக் கள்தான் பாதிப் பேருக்குச் சோறு. இங்கே லைசென்ஸ் உள்ள தொழில், வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் குற்றம், தமிழ்நாட்டில் 1987 முதலே கள்ளுக்குத் தடை. அப்பாவின் தொழிலில் தப்பில்லை, 23 வயது ஆகும்வரை கேரளத்தில் உனக்கு யாரும் மது விற்கக்கூடாது, வளர்கிற உடம்புக்கு அது கெடுதல் என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினான். ஆனால் அடுத்த வாரம் அந்தப் போஸ்டரை நானே கழற்றிவிட்டேன். குடிகாரன் படம் போட்டு, பக்கத்திலேயே பானையோடு தென்னைமரம் வரைந்திருந்தார்கள்.

இன்னொன்று. பிள்ளைகளிடம் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று நீங்களும் வாக்குக் கொடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அப்படித்தான். 2012 போக்சோ சட்டப்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தாலே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை. வகுப்பின் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன், குழந்தைகள் உதவி எண் 1098 என்று பலகை மூலையில் எழுதியும் வைக்கிறேன். போன வருடம் ஒரு விஷயம் வந்தது. அதைப் பற்றி உனக்குக்கூட எழுத மாட்டேன். சொன்ன பிறகு அந்தப் பிள்ளை இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

நீ அனுப்பிய பாடக் குறிப்புகளை வாசித்தேன். கன்சென்ட் பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படியே எடுக்க முடியாது. அங்கே 16 வயது, இங்கே 18க்குள் குழந்தை என்றுதான் சட்டம், அதற்குக் கீழே சம்மதம் செல்லாது. அதைவிடப் பெரிய தலைவலி சொல். ‘சம்மதம்’ என்று எழுதினேன். மறுநாள் டப்பாவில் ஒரு சீட்டு: ‘சம்மதம்னா பொண்ணு வீட்டுல கேக்கறதுதானுங்களே சார்?’ பெண்ணிடம் கேட்பது என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை பார். ‘ஒப்புதல்’ என்றால் ஆபீஸ் வாசம். ‘உனக்குச் சரியா?’ என்று கேட்கலாமா என்று பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை வகுப்பு. உன் வகுப்பில் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாயே, அவர்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. எங்கள் நோட்டில் ஐந்தாவது பத்தி போட்டுவிடலாம்.

அம்மா கூப்பிடுகிறாள், சொட்டு மருந்து நேரம்.

அன்புடன்,
உன் சண்முகம்