ஆண்டோரா தாராளவாதக் கட்சியின் சரிவு

ஆசிரியருக்கு,

ஐரோப்பியக் குறுநாடுகளின் கட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஆண்டோராவின் தாராளவாதக் கட்சி கொள்கை வறண்டதால் தேய்ந்தது என்று கூறுகிறது. இது பாதி உண்மையே. 1993 அரசியலமைப்புக்கு முந்தைய ஆண்டில் தோன்றிய அக்கட்சி, மார்க் ஃபோர்னே, அவருக்குப் பின் ஆல்பர்ட் பின்டாட் ஆகியோரின் தலைமையில் 1994 முதல் 2009 வரை ஆட்சி நடத்தியது. அதன் வீழ்ச்சியில் தேர்தல் முறைக்கும் பங்குண்டு. அந்நாட்டு நாடாளுமன்றமான பொதுப் பேரவையின் 28 இடங்களில் 14, கட்சிகளின் நாடளாவிய வேட்பாளர் பட்டியல்கள் பெறும் வாக்கு விகிதப்படி பங்கிடப்படுகின்றன. மற்ற 14 ஏழு வட்டாரங்களுக்கு இரண்டிரண்டாக ஒதுக்கப்பட்டு, வட்டாரத்தில் முந்தும் பட்டியலுக்கே இரண்டும் போய்விடுகின்றன. எனவே சிதறிய ஆதரவுள்ள கட்சி, பெற்ற வாக்குக்கு ஈடான இடங்களைப் பெறுவதில்லை.

நான் கல்லூரியில் ஒப்பீட்டு அரசியல் கற்பித்த காலத்தில், வாக்கு விகிதத்தையும் இடங்களையும் அருகருகே எழுதிக் காட்டிய பிறகே மாணவர்கள் கட்சிகளின் ஏற்ற இறக்கத்தைச் சரியாக எடைபோட்டார்கள். 2019இல் வெறும் நான்கு இடங்களோடு அக்கட்சி கூட்டணி ஆட்சியில் சேர்ந்ததையும் கட்டுரையாளர் (ஏனோ) தொடவில்லை. இத்தகைய கட்டுரைகளுடன் தேர்தல் முறை பற்றிய சிறு விளக்கத்தையும் வாக்கு, இட அட்டவணையையும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியர்,
மதுரை