ஒன்றேகால் கிலோ

திருநெல்வேலி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நீ கேட்டதற்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. உங்கம்மா பக்கத்தில் நின்றாள், பேத்தி குறுக்கே வந்து பேசினாள், உனக்கும் வேலைக்குக் கிளம்புகிற அவசரம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து நான் பறவை படம் எடுப்பதற்காக அந்த நிக்கான் 600 எம்எம் எஃப்/4 லென்ஸை வாங்கித் தரப்போவதாகச் சொன்னீர்கள். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை வருஷம் ஸ்டுடியோ நடத்தியும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடத் துணியாத சாமான் அது. ஆனாலும் வேண்டாம் தாயி. அந்த லென்ஸ் மட்டும் 3260 கிராம். கேமரா பாடி அதற்கு மேல்.

உன்னிடம் மறைத்த விஷயம் ஒன்று இருக்கிறது. கார்த்திகையிலிருந்து வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. எலும்பு டாக்டரிடம் காட்டினேன். தோள்மூட்டுத் தசைநார் தேய்ந்திருக்கிறது, பயிற்சி செய்தால் வலி குறையும், ஆனால் பழைய பலம் வராது என்றார். பயப்படாதே. சட்டை போடுகிறேன், வண்டி ஓட்டுகிறேன். கேமராவைத் தூக்குவதுதான் முடியவில்லை.

மார்கழிக் கடைசியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து கிடந்தது. வரித்தலை வாத்துகள் காலையில் வயலில் மேய்ந்துவிட்டுக் குளத்துக்குத் திரும்பும் நேரம் உனக்குத் தெரியும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை, நம் தலைக்கு மேலே முப்பது அடியில் இறக்கையை மடக்கி இறங்கும். சத்தம் கேட்டதும் கேமராவைத் தூக்கினேன். பாதியில் தோள் நின்றுவிட்டது. இடது கையால் லென்ஸைத் தாங்கி, மூச்சைப் பிடித்து, கண்ணுக்குக் கொண்டுவருவதற்குள் எல்லாம் தண்ணீரில் இறங்கி அமைதியாகிவிட்டன. ட்ரைபாட் வைக்கலாமே என்பாய். ட்ரைபாடும் லென்ஸைத் தாங்குகிற கிம்பல் தலையும் சேர்ந்து இன்னொரு மூன்று கிலோவுக்கு மேல். அதையும் நான்தானே தூக்கிக்கொண்டு கரையில் நடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பையை வாசல் திண்ணை ஓரம் வைத்தேன். ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது. அம்மா இரண்டு தரம் தூசி தட்டினாள், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் எங்கள் தெரு அண்ணாச்சி கடைத் தராசில் என் நிக்கான் டி500 கேமராவையும் 200-500 லென்ஸையும் வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோ 160 கிராம். இதைத்தான் எட்டு வருஷமாகக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். அதற்கு முன்னால் கல்யாண வேலையில் ஒரு கையில் கேமரா, மறு தோளில் மெட்ஸ் பிளாஷின் பேட்டரிப் பை. முகூர்த்தத்துக்கு விடிகாலை மூன்று மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தால் பந்தி முடிகிறவரை இறக்கி வைக்க முடியாது. தோள் இன்றைக்குத் தேயவில்லை பாப்பா.

நம் ஸ்டுடியோவில் வேலை பார்த்த தம்பி ஒருநாள் வந்து, “சும்மா பறவை பாக்கப் போவோம் அண்ணாச்சி, பையை எடுக்காண்டாம்” என்று பைக்கில் கூட்டிப் போனான். அவன் கையில் கேனான் ஆர்7, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா. அதில் ஆர்எஃப் 100-400 லென்ஸ். பாடி பேட்டரியோடு 612 கிராம், லென்ஸ் 635 கிராம், மொத்தம் ஒன்றேகால் கிலோ. கையில் கொடுத்தான். தூக்கினேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை. கூந்தன்குளம் ஊருக்குள் கருவேல மரங்களில் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருந்தன. கூட்டுக்குக் குச்சி கொண்டுவந்த ஒரு நாரையை அது இறங்கும் வரை விடாமல் எடுத்தேன். கண் கலங்கிவிட்டது. தம்பி பார்க்காதது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் கணக்குப் போட்டேன். உனக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன், நீயும் யோசித்துச் சொல்.

முதலில் இழப்பது. என் பழைய லென்ஸ் 500 எம்எம்மில் எஃப்/5.6. இது 400 எம்எம்மில் எஃப்/8. எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும். ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி வெளிச்சம். பகலில் பிரச்சினையில்லை. ஆனால் கூந்தன்குளத்தில் நல்லதெல்லாம் நடப்பது விடியும்போதுதான். அப்போது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 3200 வைக்கிற இடத்தில் 6400 வைக்க வேண்டும், படத்தில் கிரெயின், அதாவது புள்ளிப்புள்ளி, ஏறும். பறவைக்குப் பின்னால் இருக்கிற புதர் முன்னைப் போலப் பஞ்சாகக் கரையாது. 500-ஐ 5.6-ஆல் வகுத்தால் 89 எம்எம், 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 எம்எம். வெளிச்சம் நுழைகிற வாசலே அவ்வளவு சின்னதாகிவிடுகிறது. எடை குறைந்தது அந்த வாசலில்தான். எந்தக் கம்பெனியும் இதற்கு வழி கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்கவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

தூரம் குறையுமே என்றுதான் அதிகம் கவலைப்பட்டேன். அங்கே எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. டி500 20.9 மெகாபிக்சல், ஆர்7 32.5 மெகாபிக்சல். ஆர்7-இன் பிக்சல்கள் நெருக்கமானவை. 400-இல் எடுத்தாலும் பறவையின் உடம்பில் விழுகிற பிக்சல் எண்ணிக்கை பழைய 500-க்குக் குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் வருகிறது. இரண்டு முறை கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்த்தேன்.

இன்னொன்று கண். புரை ஆபரேஷனுக்குப் பிறகு கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி இல்லாமல் முடியாது. படம் எடுத்துவிட்டுச் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவி, பின்பக்கத் திரையைப் பார்த்து, மறுபடி கழற்றி வைப்பதற்குள் பறவை போய்விடும். மிரர்லெஸ்ஸில் வ்யூஃபைண்டருக்குள்ளேயே எடுத்த படத்தைப் பார்க்கலாம், கண்ணை எடுக்கவே வேண்டாம். பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடித்து ஃபோகஸ் வைக்கிறது. கை நடுக்கத்தை லென்ஸும் பாடியும் சேர்ந்து அடக்குகின்றன. பறவையின் வேகத்துக்கு மட்டும் ஷட்டர் வேகம் 1/2000 நொடி வைத்தாக வேண்டும், அதில் சலுகை கிடையாது. எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் பறக்கிற சிறகு வளைந்து விழுகிறது என்று தம்பி காட்டினான். அதனால் மெக்கானிக்கல் ஷட்டர்தான். அதிலேயே நொடிக்கு 15 படம், எனக்கு அது தாராளம்.

நிக்கானை விடுவதுதான் மனசுக்குக் கஷ்டம். நிக்கானிலேயே 600 எஃப்/6.3 என்று எடை குறைந்த லென்ஸ் இருக்கிறது, அருமையான சாமான். ஆனால் நிக்கானின் மிரர்லெஸ் இசட்8 பாடியோடு சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. விலையும் மிக அதிகம். லென்ஸ் மாட்டுவதற்கு என் கை ஒரு பக்கமாகத்தான் திரும்பிப் பழகியிருக்கிறது. கேனானில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். பழகிக்கொள்வேன்.

இதை எழுதும்போது உன்னைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் மாமா உனக்கு ஒரு கோடாக் கேபி10, சின்ன ஃபிலிம் கேமரா, வாங்கித் தந்தார். நீ ஆசையாக என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். “இதெல்லாம் கேமராவா, கனம் இருந்தாத்தான் கை நிக்கும்” என்றேன். நீ ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாய். உங்க ஆச்சியை நான் எத்தனை தரம் உட்கார வைத்து எடுத்திருப்பேன்! பெரிய பிளாஷைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொள்வாள். அவள் சிரிக்கிற படம் இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. புளி கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அது. உன் கேபி10-இல் நீ எடுத்தது. நான் அதைப் பெரிசு பண்ணி மாட்டினேனே தவிர, உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, பாப்பா.

ஆகவே அந்த 600 எம்எம்மை ரத்து செய்துவிடு. கேனானையும் அங்கே மெல்பனில் வாங்காதே. வேறு நாட்டில் வாங்கினால் இங்கே வாரண்டிக்கு அலைய வேண்டியிருக்கும். இங்கேயே பில்லோடு வாங்கிக்கொள்கிறேன், நீ பணமாக அனுப்பு. உன் அப்பன் உன்னிடம் கேட்டு வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை. லென்ஸோடு ஹூட் வராது, தனியாக வாங்க வேண்டும். மிரர்லெஸ் பேட்டரி சீக்கிரம் தீரும், இன்னொன்று வேண்டும். அந்த லென்ஸுக்கு மழை ஆகாது, அதற்கு அம்மா ரெயின்கோட்டுத் துணியில் உறை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

டி500-ஐயும் பெரிய லென்ஸையும் தம்பிக்குக் கொடுத்துவிடப் போகிறேன். அவன் தோள் இன்னும் இருபது வருஷம் தாங்கும். என் பழைய நிக்கான் ஃபிலிம் கேமரா எஃப்எம்2-ஐ மட்டும் யாருக்கும் தரமாட்டேன். 540 கிராம்தான், மீட்டரைத் தவிர வேறெதற்கும் பேட்டரி வேண்டாம். பேத்திக்குப் பத்து வயசு ஆகட்டும், அவள் கையில் கொடுத்து ஃபிலிம் போடச் சொல்லித் தருகிறேன்.

உங்களுக்கு அங்கே டிசம்பர், ஜனவரியில்தானே நீள லீவு. பொங்கல் முடிகிறவரை இருக்கிற மாதிரி டிக்கெட் போடு. வாத்து வந்திருக்கும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் வருவதற்குள் குளத்துக்கரையில் இருக்கலாம். பேத்திக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வை, கரையில் பனி இறங்கும்.

அன்புடன்,
அப்பா