முத்துவுக்கு: டீலர் காசில் ஓடிய ரேஸ் பற்றி

கோயம்புத்தூர்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் போடு. தங்கச்சிக்கு வேலை வைக்காதே. மகள் வீட்டுக்கு சான் ஹோசே போய்விட்டு வந்த அலுப்பு எனக்கு இப்போதுதான் தீர்ந்தது. பேரன் நன்றாகத் தமிழ் பேசுகிறான், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

நீ எழுதியதில் ஒரு விஷயத்தை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "அந்தக் காலத்து அமெரிக்க ரேஸ் எல்லாம் கார் டீலர்கள் காசு போட்டு நடத்தின விளம்பரம். அதைப் போய் காசு வாங்காத அமெச்சூர் விளையாட்டு என்கிறார்களே" என்று கேட்டிருக்கிறாய். நான் பல வருஷம் டீலர் ஷெட்டிலேயே ஃபோர்மேனாகக் காலம் தள்ளியவன். அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அங்கே ஸ்போர்ட்ஸ் கார் ரேஸை ஆரம்பித்தவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, எஸ்.சி.சி.ஏ. என்பார்களே, அது 1944-ல் பாஸ்டனில் தொடங்கியது. 1948 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் க்ளென் ஊரில், ஊர் ரோட்டிலேயே 6.6 மைல் சுற்று வைத்து ரேஸ் விட்டார்கள். நடுவில் ரயில்வே தண்டவாளம் வேறு. ஜெயித்தால் கோப்பை உண்டு, பணம் கிடையாது. காசுக்காக ஓட்டுகிறவன் கனவான் இல்லை என்பது அவர்கள் நினைப்பு.

இந்த விதி எங்கே கொண்டுபோய் விட்டது பார். பரிசுப் பணம் இல்லை என்றால் சொந்தக் காசு உள்ளவன் மட்டும்தான் ஓட்ட முடியும். டயர், பிரேக், இன்ஜின் எல்லாம் ஒரே ரேஸில் தேயும். அப்படியானால் கையில் திறமை இருந்து பையில் ஒன்றும் இல்லாத பையன் என்ன செய்வான்? அவனுக்குக் கதவு திறந்தது டீலர் ஷாப்தான். சம்பளம் மெக்கானிக் வேலைக்கு, வண்டி டீலருடையது, ஞாயிற்றுக்கிழமை ரேஸ். கணக்குப்படி ஓட்டுவதற்கென்று காசு இல்லை, அதனால் விதியும் மீறப்படவில்லை. இதை ஏமாற்று வேலை என்று நீ சொல்லலாம். எனக்கு இதுதான் அந்த விளையாட்டைக் காப்பாற்றியதாகப் படுகிறது.

ஃபில் ஹில் என்ற ரேஸ் ஓட்டுநரை எடுத்துக்கொள். காலேஜை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மெக்கானிக்குக்கு எடுபிடியாகச் சேர்ந்தவர். 1949-ல் இங்கிலாந்து போய் ஜாகுவார் கம்பெனியில் பயிற்சி பெற்றார். அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில் பெபிள் பீச்சில் முதல் ரேஸ் நடந்தபோது ஜாகுவார் எக்ஸ்.கே.120-ல் ஜெயித்தவர் அவர்தான். 1961-ல் ஃபெராரியில் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் அமெரிக்கர். ரிச்சி கிந்தர் என்று இன்னொருவர். டீலரிடம் வேலை பார்த்து, டீலர் வண்டியை ஓட்டி வளர்ந்தவர். 1965-ல் மெக்ஸிகோவில் ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றியை வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

கிந்தருக்கு வண்டி கொடுத்தவர் ஜான் வான் நியூமன். ஆஸ்திரியாவில் பிறந்தவர், ஹாலிவுட் பக்கம் 'காம்படிஷன் மோட்டார்ஸ்' என்று ஷோரூம் வைத்திருந்தார். கடைக்கு வைத்த பேரைப் பார்த்தாயா! போர்ஷே விற்றார், தானும் ரேஸ் ஓட்டினார், மற்றவர்களுக்கும் வண்டி கொடுத்தார். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955 செப்டம்பரில் போர்ஷே 550 ஸ்பைடர் வாங்கியது இந்தக் கடையில்தான். சலினாஸ் ரேஸுக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றாமல் ரோட்டிலேயே ஓட்டிப் போனார்கள். ஏன் தெரியுமா? புது இன்ஜின், ரன்னிங்-இன் பண்ண வேண்டும், அதாவது ரேஸுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓட்டிப் பழக்க வேண்டும். பக்கத்து சீட்டில் ரோல்ஃப் வூதெரிஷ் என்ற போர்ஷே மெக்கானிக். 30-ஆம் தேதி சாயங்காலம் சோலேம் அருகே எதிரே வந்த வண்டியோடு மோதி டீன் இறந்துபோனார். வூதெரிஷ் பலத்த காயத்தோடு பிழைத்தார். எல்லாரும் நடிகரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த மெக்கானிக் நினைப்புதான் வரும். வாடிக்கையாளர் வண்டியோடு ரேஸுக்குப் போய், ட்ராக் ஓரத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. நம் ஷெட்டில் எத்தனை பேர் இப்படி வாடிக்கையாளர் கூடவே வெளியூர் போயிருக்கிறார்கள்!

டீலருக்கு இதில் என்ன லாபம் என்றால், அவர்கள் விற்ற வண்டியை அங்கே யாருக்கும் தெரியாது. பெரிய பெரிய வி8 வண்டி ஓட்டிப் பழகிய ஊரில், எம்.ஜி. டி.சி. என்ற குட்டி பிரிட்டிஷ் வண்டியை யார் வாங்குவார்கள்? சான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஷெல் குவாலே என்ற நார்வேக்காரர் 1947-ல் பிரிட்டிஷ் வண்டி விற்க ஆரம்பித்தார். வாங்கியவர்களுக்கு ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும் அல்லவா? பெபிள் பீச் ரேஸ் நடக்க முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். நியூயார்க்கில் மாக்ஸ் ஹாஃப்மன், அவரும் ஆஸ்திரியாக்காரர். விலை குறைந்த, சொகுசு ஏதும் இல்லாத போர்ஷே வேண்டும் என்று கம்பெனியை நச்சரித்தார். அப்படி வந்ததுதான் 356 ஸ்பீட்ஸ்டர், 3,000 டாலருக்குள் விலை. விண்ட்ஷீல்டைக் கழற்றிவிட்டால் அப்படியே ரேஸுக்குப் போகலாம். விற்கிறவரும் ஓட்டுகிறவரும் ஒருவராகவே இருந்ததால்தான் இப்படி ஒரு வண்டி பிறந்தது.

கென் மைல்ஸ் என்ற ஓட்டுநரைச் சொல்லாமல் விட்டால் நீ கோபித்துக்கொள்வாய். பிரான்ஸில் நடந்த 1966 லெ மான் 24 மணி நேர ரேஸால் அவரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு ரொம்ப முன்னால், இங்கிலாந்திலிருந்து வந்த புதிதில், லாஸ் ஏஞ்சலஸில் எம்.ஜி. விநியோகஸ்தரிடம் சர்வீஸ் மேனேஜர். எம்.ஜி. பாகங்களை வைத்துத் தானே ஒரு வண்டி கட்டி, ஆர்1 என்று பேர் வைத்து, 1953-ல் 1,500 சி.சி. பிரிவில் பெரிய விலை வண்டிகளை எல்லாம் பின்னால் தள்ளினார். கையில் கிரீஸோடு வேலை பார்த்தவர் கட்டிய வண்டி அது. இதை விளம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம், நீ சொன்னதில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மருமகன் என்னைப் பெபிள் பீச்சுக்கும் லகூனா செகா ரேஸ் ட்ராக்குக்கும் கூட்டிப்போனார். பெபிள் பீச்சில் பழைய ரேஸ் போன ரோடு பைன் மரங்களுக்கு நடுவில் போகிறது. மரம் ரோட்டை ஒட்டியே நிற்கிறது. 1956 ஏப்ரலில் எர்னி மெக்கஃபி என்ற ஓட்டுநர் அங்கே ஒரு மரத்தில் மோதி இறந்தார். வண்டி ஃபெராரி, அதை வாங்கி ஓட்டக் கொடுத்தவர் வேறொரு பணக்காரர். மெக்கஃபியும் ஃபெராரி வியாபாரத்தில் இருந்தவர்தான். அதோடு அந்த ரோட்டில் ரேஸ் நின்றது. அடுத்த வருஷமே ராணுவ நிலத்தில் லகூனா செகா ட்ராக்கைக் கட்டினார்கள். அந்த மரங்களைப் பார்த்தபோது, அடுத்தவர் வண்டி என்பதற்காக ஒரு ஓட்டுநர் கூடுதலாக ஒரு அடி மிதித்திருப்பாரோ என்று தோன்றியது. அந்த அழுத்தம் நிஜம். அதை மறைக்கக் கூடாது.

அதற்குள் விமான ஓடுதளங்களிலும் ரேஸ் நடந்துவிட்டது. அமெரிக்க விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லெமே 1952 முதல் 1954 வரை விமானப்படைத் தளங்களைத் திறந்துவிட்டார். நாம் சோழவரத்தில் பார்த்தது போலத்தான், சண்டை விமானத்துக்குப் போட்ட தளத்தில் கார்.

1960-களில் எஸ்.சி.சி.ஏ.வே பணப் பரிசு ரேஸ் தொடர் நடத்தத் தொடங்கியது. 1963-ல் அந்தத் தொடரின் முதல் சாம்பியன் பாப் ஹோல்பர்ட், பென்சில்வேனியாவில் போர்ஷே டீலர்! அதே மாநிலத்து டான் யெங்கோ என்ற ஷெவர்லே டீலர், ரேஸில் சேர்க்க 100 வண்டி கட்ட வேண்டும் என்ற விதிக்காக, 1965 கடைசியில் நூறு கோர்வேர் வண்டிகளை 'ஸ்டிங்கர்' என்று மாற்றிக் கட்டிவிட்டார். ஒரு சின்ன ஊர் ஷாப்! அந்த ஷெட் ஃபோர்மேன் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டால் நீ சொல்வது சரி. யாருக்கு ஓட்ட இடம் கிடைத்தது என்று கேட்டால் நான் சொல்வது சரி. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

கட்டு அவிழ்த்ததும் எழுது. தை பிறந்ததும் இங்கே வா, செட்டிபாளையம் ட்ராக்கில் ஒரு நாள் பசங்க ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வருவோம். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல். வரும்போது அவள் போடும் மாவடு ஒரு பாட்டில் மறக்காதே.

அன்புடன்,
ராமு