சுவர் பூசிய பிறகு ஃபைபர் எந்த வழியாக வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு வந்த 'புது வீடு' இணைப்பிதழைப் படித்தேன். குளியலறை டைல்ஸுக்கு ஆறு பக்கம், பூஜை அறைக் கதவுக்கு இரண்டு பக்கம். இன்டர்நெட்டுக்கு ஒரே ஒரு வரி: "ஃபைபர் இணைப்பைக் குடிபுகுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், நிறுவனத்தார் வந்து எல்லாம் செய்து தருவார்கள்."

செய்து தருவார்கள், மறுக்கவில்லை. எப்படி என்பதையும் எழுதியிருக்கலாம். புதுப் பெயின்ட் அடித்த ஹாலில் ஜன்னல் மூலையில் டிரில் போடுவார்கள். ஓட்டை வழியே கறுப்பு கேபிள் உள்ளே வரும். சுவர் நெடுக ஆணி கிளிப் அடித்து, கதவு நிலையைச் சுற்றி மடக்கி, மிச்சத்தை டிவிக்குப் பின்னால் சுருட்டி வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. வீடு கட்டியவர் வழி விடாத இடத்தில் அவர்கள் வேறு எப்படித்தான் நுழைவது?

வேண்டியது பெரிய செலவு எதுவுமில்லை. வெளிச்சுவரிலிருந்து ஃபைபர் மோடம் வைக்கப்போகும் இடம் வரை 25 மி.மீ. பிவிசி பைப் ஒன்று, பூச்சு வேலைக்கு முன்னால் பதிய வேண்டும். காடி வெட்டும் நாளில் எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் அதோடு அதாக முடிந்துவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்பதற்காக அதை கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே திணிக்கக் கூடாது. தெருவிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் கேபிள்கள் (டிராப் கேபிள் என்பார்கள்) பலவற்றில் தாங்குவதற்காக இரும்புக் கம்பி இருக்கும். அது கரண்டைக் கடத்தும்.

பைப் போட்டால் மட்டும் போதாது. திருப்பங்களில் சட்டென்று செங்கோணமாகத் திரும்பும் எல்போ போட்டால் எல்லாம் வீண். தண்ணீர் எல்போவில் திரும்பும், வயரையும் இழுத்து மடக்கிவிடலாம், ஆனால் கண்ணாடி இழை அப்படி மடங்காது. பழைய வகை இழைக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 30 மி.மீ.; வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே வந்த ஜி.657 வகையில் ஏ1 என்ற பிரிவுக்கு 10 மி.மீ., ஏ2-க்கு 7.5 மி.மீ. அதற்கும் கீழே மடக்கினால் இழை உடையாமலே ஒளி வெளியே கசியும். தட்டையான டிராப் கேபிளில் இன்னொரு சிக்கல்: அகலப் பக்கமாக வளையும், விளிம்புப் பக்கமாக வளையவே வளையாது. இழுக்கும்போது முறுக்கிக்கொண்டு எல்போவிலேயே நின்றுவிடும். முனையில் கனெக்டர் மாட்டியே வரும் கேபிளாக இருந்தால் கேட்கவே வேண்டாம், தலை முதல் திருப்பத்திலேயே சிக்கிக்கொள்ளும். எனவே பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுப் பெரிய வளைவாக வளைக்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்கும் நீள பெண்டுகளைப் போட வேண்டும். இரண்டு திருப்பத்துக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அங்கே இழுத்துக்கொள்ள வழி விட வேண்டும்.

அடுத்தது, பிறகு கேபிளை இழுப்பதற்காகப் பைப்புக்குள் விட்டு வைக்கும் நைலான் கயிறு. இரும்புக் கம்பியை விட்டு வைத்தால் ஈரத்தில் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கயிற்றை இருபுறமும் ஒரு மீட்டர் மிச்சம் விட்டுக் கட்டி, பைப் வாய்களை மூடிபோட்டு அடைத்த பிறகுதான் கொத்தனாரை அழைக்க வேண்டும். அடைக்காமல் விட்ட பைப்பில் சிமென்ட் பால் இறங்கி இறுகினால், அடுத்த முறை சுவரை உடைத்தால்தான் வழி. பூச்சு காய்ந்ததும் கயிற்றை இருபுறமும் இழுத்துப் பாருங்கள், ஓடினால் நல்லது. கேபிள் இழுக்கும்போது கூடவே இன்னொரு கயிறும் போக வேண்டும். பிற்காலத்தில் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அது கைகொடுக்கும்.

வெளிச்சுவரில் ஓட்டை வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும், பைப் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே நுழையும் முன் கேபிள் ஒரு முறை கீழே தொங்கி மேலேறினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிள் போன பிறகு மிச்ச இடத்தை சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் எறும்பும் பல்லியும் குடிபுகும். தங்கள் வாசகர்களில் எத்தனை பேர் ஈரம் கசிந்த சுவருக்குக் காரணம் தேடி மாடித் தளத்தைப் போய் உடைத்திருப்பார்களோ!

இதை இப்போதுதான் கவனிக்கிறேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. சில இதழ்களுக்கு முன் 'வயர் தெரியாத அழகு வீடு' என்றொரு படக்கட்டுரை போட்டீர்கள். அதில் ரவுட்டர், கண்ணாடி பதித்த அலமாரிக்குள்ளே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், வைஃபை அலையைத் திருப்பி அனுப்பிவிடும். இன்னொரு படத்தில் ரவுட்டர், கரண்ட் ஸ்விட்சுகள் இருக்கும் இரும்பு டிபி பாக்ஸுக்குள் இருந்தது. அலை வெளியே வரவே கூடாது என்று தீர்மானித்தால் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. போதாக்குறைக்கு, ஃபைபர் கேபிளை உள்ளங்கை அளவு சுருட்டி, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டிய படத்துக்குக் கீழே 'நேர்த்தி' என்று குறிப்பு! இறுக்கக் கட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒளி கொஞ்சம் குறையும். 3 டெசிபல் போனால் வெளிச்சம் பாதி. வீடுகளில் வைக்கும் சாதாரண ஃபைபர் மோடம் (ஜிபான் வகை), வந்துசேரும் ஒளி மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு) வரை குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும், அதற்குக் கீழே போனால் முடியாது. எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டில் முதல் நாள் பச்சை விளக்கு எரியும், யாரோ சோபாவை நகர்த்தினால், ஒளி வரவில்லை என்று காட்டும் 'லாஸ்' விளக்கு சிவப்பாகிவிடும். திட்டு மட்டும் நிறுவனத்துக்கு.

அப்போதே விவரமாக எழுதினேன். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலனை நீளமானது போலும்.

மோடம் வைக்கும் இடத்துக்கு டீப் பாக்ஸ் ஒன்றும், பக்கத்திலேயே குறைந்தது மூன்று பிளக் பாயின்ட்டும் வேண்டும்: மோடத்துக்கு, தனி ரவுட்டர் இருந்தால் அதற்கு, பேட்டரி பேக்கப்புக்கு. பழைய செம்புத் தொலைபேசிக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, ஊரே இருண்டாலும் பேச முடிந்தது. ஃபைபரில் அது கிடையாது. மோடம்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவதால் அதே வோல்ட்டேஜில் சின்ன யுபிஎஸ் போதும், அடாப்டரில் உள்ள ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும்.

அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் கேட்6 என்னும் நெட்வொர்க் கேபிள் தனித்தனியாகப் போக வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஸ்விட்ச் பாயின்ட் போல ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு லூப் அடித்துவிடுகிறார்கள். டேட்டா கேபிளில் லூப் வேலை செய்யாது. மலிவென்று செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியக் கேபிள் வாங்கினால் முனையில் ஒடியும், கேமராவுக்குக் கேபிள் வழியே கரண்ட் கொடுத்தால் சூடாகும். கான்கிரீட் சுவர் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை தேய்ந்துபோவதால், மாடிக்குத் தனியாக வைஃபை தரும் ஒரு அக்சஸ் பாயின்ட் வைக்கத்தான் இந்த வயர். "வைஃபை வந்த பிறகு வயர் எதற்கு?" என்று தங்கள் கேள்வி-பதில் பகுதியில் நக்கலடித்தவர் ஒரு நாள் மாடி அறையில் உட்கார்ந்து வீடியோ மீட்டிங் நடத்திப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று, பெயின்டருக்கு. சுவரில் உள்ள ஃபைபர் சாக்கெட்டின் பச்சைத் தலையில் (கனெக்டரில்) இருக்கும் தூசு மூடியைக் கழற்றக் கூடாது. அந்த இழையில் ஒளி போகும் மையம் சுமார் 9 மைக்ரான், ஒரு துளி டிஸ்டம்பர் தூசு போதும் மறைப்பதற்கு. பச்சையில் நீலத் தலையைச் செருகுவதும் வேண்டாம். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, இரண்டும் பொருந்தாது.

இத்தனையையும் அச்சிடச் சொல்லவில்லை. பக்கம் கிடைக்காது என்று தெரியும், டைல்ஸ் இருக்கிறதே. ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் வெளியிடும் வீட்டு வரைபடத்தில், ஃபேன் பாயின்ட்டும் ஏசி பாயின்ட்டும் குறிப்பதுபோல, வாசல் பக்கச் சுவரிலிருந்து ஹால் வரை ஒரு புள்ளிக்கோடு போட்டு 'ஃபைபர், 25 மி.மீ., எல்போ வேண்டாம்' என்று எழுதச் சொல்லுங்கள். தங்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேஸ்திரிகள் வேலை செய்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்