பைத்தான் மாநாடு: பயிலரங்க அறையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பைத்தான் என்ற நிரல்மொழிக்காக வட்டார அளவில் நடக்கும் மாநாடுகளைப் பற்றிய செய்திகளில் தொடக்க உரையாற்றியவரின் பெயரும் மேடைப் படமும் தவறாமல் வருகின்றன. பயிலரங்க அறையில் என்ன நடந்தது என்பது வருவதில்லை. 2002-இல் பெல்ஜியத்தில் யூரோபைத்தான், 2003-இல் வாஷிங்டனில் பைகான் என்ற பெயர்களில் தொடங்கிய மாநாட்டு மரபு இது. இன்று பெரும்பாலான உரைகள் காணொளியாக வெளியாகிவிடுகின்றன. பயணச் செலவு செய்து வருபவருக்கு நேரில் மட்டுமே கிடைப்பவை பயிலரங்கும், கூடி உட்கார்ந்து நிரல் எழுதும் ஸ்பிரிண்ட்டும்தான். அவைதான் முதல் ஒரு மணி நேரத்திலேயே படுத்துவிடுகின்றன.

முதலில் வைஃபை. வேகம் போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் தீர்ந்துபோவது ஐபி முகவரி, அதாவது இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண். வழக்கமான ரவுட்டர் அமைப்பில் அதிகபட்சம் 253 கருவிகளுக்குத்தான் முகவரி உண்டு. 150 பேர், ஆளுக்கொரு லேப்டாப், ஒரு போன் என்றால் 300 ஆகிவிடும். கொடுத்த முகவரியை 24 மணி நேரம் பிடித்துவைக்கும் அமைப்பாக இருந்தால், காலையிலேயே கிளம்பிப் போனவரின் போனும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். முகவரி வரம்பை 1,000 வரை விரித்து, பிடித்துவைக்கும் நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைப்பது பெரிய வேலையே இல்லை. முதல் நாள் மாலை அதைச் செய்ய ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. அரங்கம் முழுவதும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியாகத் தெரியும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐ-யை (நிரல்கள் அத்தளத்திடம் தகவல் கேட்கும் வழி) உள்நுழையாமல் கேட்டால் ஒரு முகவரிக்கு மணிக்கு 60 முறைதான் பதில் வரும். 30 பேர் வகுப்பில் ஆளுக்கு இரண்டு தடவை நிரலை ஓட்டினால் கணக்கு முடிந்தது. வகுப்பெடுப்பவர் வீட்டில் தனியாகச் சோதித்தபோது இது தலைகாட்டியே இருக்காது.

அடுத்தது இன்ஸ்டால். 40 பேர் ஒரே நேரத்தில் பாண்டாஸ், மேட்பிளாட்லிப் ஆகிய நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) இறக்கினால் எந்த இணைப்பும் திணறும். வீல் எனப்படும், கட்டி முடித்த நிறுவல் கோப்புகளை, பைத்தானின் நிறுவல் கருவியான பிப்பின் 'பிப் டவுன்லோட்' கட்டளை மூலம் முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்துவைத்து, 'நோ-இண்டெக்ஸ்', 'ஃபைண்ட்-லிங்க்ஸ்' ஆகிய தெரிவுகளோடு அங்கிருந்தே நிறுவச் சொல்லலாம். ஆனால் வகுப்பெடுப்பவர் தன் லினக்ஸ் கணினிக்கு இறக்கியதையே நகலெடுத்துக் கொடுத்தால் விண்டோஸ்காரருக்கு உதவாது. நம்பை, பாண்டாஸ் போன்ற நூலகங்களின் வீல் இயங்குதளத்துக்கு ஒன்று, பைத்தான் பதிப்புக்கு ஒன்று என்று மாறும். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் சிலிக்கான் மேக், இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதிப்புகள் என்று ஆறு தொகுப்பாவது தேவை.

பதிப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. 2019 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பைத்தான் வெளியாகிறது. மாநாடு அதையொட்டி நடந்தால், ஆர்வக்காரர்கள் புத்தம்புதியதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். எல்லா நூலகங்களும் அதற்குள் வீல் வெளியிட்டிருக்காது. பிப் உடனே மூல நிரலை இறக்கித் தானே கட்டப் பார்க்கும். சி மொழி நிரலைக் கட்டும் கம்பைலர் இல்லாத கணினியில் திரை நிறையப் பிழைச்செய்திதான் மிஞ்சும். 'இதற்கு முந்தைய பதிப்போடு வாருங்கள்' என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் போதும்.

டெபியன் 12 என்ற லினக்ஸ் வைத்திருப்பவர் கணினியோடு வந்த பைத்தானில் வழக்கம்போல் பிப் கொண்டு நிறுவ முடியாது. அந்த வேலைக்கென்று தனியாகப் பிரித்த மெய்நிகர் சூழல் வேண்டும், அதை உருவாக்கும் வென்வ் தொகுப்பையும் பெரும்பாலும் தனியே போட வேண்டியிருக்கும். விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரம், இயல்பான அமைப்பில், அந்தச் சூழலைத் தொடங்கும் ஆக்டிவேட் ஸ்கிரிப்டை ஓட விடாது. பழைய கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போனால் ஓடும். பயிற்சிக் கோப்புக்கு 'ரேண்டம்.பை' என்று பெயர் வைத்துவிட்டு, பைத்தானோடு வரும் ரேண்டம் தொகுதி வேலை செய்யவில்லை என்று கைதூக்குபவர் எல்லா வகுப்பிலும் உண்டு. பைத்தான் முதலில் தேடுவது அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையை, அதனால் அவருடைய கோப்பே அதன் கையில் சிக்கும். இதையெல்லாம் மேடையிலிருந்து தீர்க்க முடியாது. பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்க வேண்டும். தலைமை விருந்தினரைத் தேடும் நேரத்தில் பாதி போதும், இவர்களைத் திரட்ட.

உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புப் பின்னணியில் நிரலைக் காட்டினால் வெளிச்சமான அறையில் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிட மின்னல் உரை ஐந்தாவது நிமிடத்தில் முடிய வேண்டும். இந்த இரண்டையும் கறாராகப் பார்த்தால் மற்றவை தாமாக நடக்கும்.

ஸ்பிரிண்ட்டுக்கு வரும் மென்பொருள் திட்டங்கள், புதியவர் தொடக்கூடிய சிறு வேலைகளை முந்தைய வாரமே குறித்து வைத்திருக்க வேண்டும். சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்ப்பதற்கே பாதி நாள் பிடிக்கும் திட்டத்தை மேசையில் வைப்பது, வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உரை முன்மொழிவுகளுக்கான கெடு மாநாட்டுக்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடுகிறது. நடந்து முடிந்த பின் வரும் செய்தியால் பேச விரும்பியவருக்குப் பயனில்லை. அந்தத் தேதியையும், பயிலரங்குக்கு எந்தப் பதிப்போடு வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே வெளியிட்டால் நன்றாக இருக்கும். அமைப்பாளர்களின் செய்திக்குறிப்பில் அவை இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

– பைத்தான் பயிலரங்க ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்